ஆயிரத்தில் எத்தனை பேர்?
வெரிகோசீல் சிகிச்சையின் பற்றும் வரவும்

காலை 6.40. திருச்சி தில்லைநகரில் ஒரு மருத்துவமனையின் இரண்டாம் மாடி. பச்சை அங்கி மாட்டி டிராலியில் படுத்திருந்த என் தங்கை மகனிடம் செவிலியர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். இரண்டாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி: அரிதாகச் சிக்கல்கள் நேரலாம்.

“அரிதுன்னா எத்தனை பேருக்கு மாமா?” என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. செவிலியரைப் பார்த்தேன். “அதெல்லாம் ஒண்ணும் வராதுங்க சார்” என்றார். அவன் கையெழுத்துப் போட்டான். டிராலி உள்ளே போனது.

கூட்டுறவுச் சங்கத்தில் 31 ஆண்டு பேரேடு எழுதியவன் நான். ‘கொஞ்சம் பாக்கி’ என்று யாராவது சொன்னால், எத்தனை ரூபாய், எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டுத்தான் பழக்கம். அன்று கேட்கத் தவறினேன். அதன் பிறகு மூன்று மாதம் விடை தேடி ஒரு நோட்டை நிரப்பினேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டுதான்.

தலைக்கணக்கு

விதைப்பையிலிருந்து இரத்தத்தை மேலே கொண்டுபோகும் சிரைகள் புடைத்துச் சுருண்டுபோவதுதான் வெரிகோசீல். ஊர்ப்பேச்சில் ‘நரம்பு சுருட்டிக்கிச்சு’ என்பார்கள். நரம்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. இது முழுக்க இரத்தக் குழாய் சமாச்சாரம்.

வயதுவந்த ஆண்களில் சுமார் 15 சதவீதம் பேருக்கு இது உண்டு. குழந்தையில்லை என்று மருத்துவரிடம் வரும் ஆண்களில் 35 முதல் 40 சதவீதம் பேருக்கு உண்டு.

இதை நம் ஊருக்குப் பெருக்கிப் பார்ப்போம். 2011 கணக்கெடுப்பில் திருச்சி மாநகராட்சியின் மக்கள்தொகை 8,47,387. ஸ்ரீரங்கமும் அதற்குள் அடக்கம். 1000 ஆண்களுக்கு 1025 பெண்கள் என்ற விகிதப்படி ஆண்கள் ஏறக்குறைய 4.18 லட்சம். அவர்களில் நான்கில் மூன்று பங்கினர் வயதுவந்தவர்கள் என்று வைத்துக்கொண்டால் 3.13 லட்சம். அதில் 15 சதவீதம் என்றால் 47,000 பேர். இந்த மாநகருக்குள் மட்டும்!

ஆனால் 47,000 பேருக்கும் சிகிச்சை தேவையில்லை. பெரும்பாலோர் தமக்கு இது இருப்பது தெரியாமலே பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள். சிகிச்சை வேண்டியவர்கள் சிலர்தான்: விடாத வலி உள்ளவர்கள், வளரும் வயதில் ஒரு பக்க விரை சிறுத்து நிற்பவர்கள், கையால் தடவினாலே தெரியும் வெரிகோசீலோடு விந்துப் பரிசோதனையும் குறைவாக வந்து, குழந்தைக்காகக் காத்திருப்பவர்கள். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சிறு புடைப்புக்கு அறுவை செய்வதால் பயனில்லை என்றே உலக வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. கணக்கின் முதல் வரி இதுதான். தேவையில்லாத சிகிச்சையில் வரவு என்று எதுவும் இல்லை. வருகிற சிக்கல் எல்லாம் பற்றுப் பக்கத்தில்தான் ஏறும்.

இடப்பக்கத்து மதகு

வெரிகோசீல் வருபவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இடப்பக்கம்தான் வருகிறது. காரணம் உடலின் குழாய் அமைப்பு. வலப்பக்க விரைச் சிரை உடலின் பெருஞ்சிரையில் நேராகச் சாய்ந்து சேர்கிறது. இடப்பக்கச் சிரையோ இடச் சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகப் போய் முட்டுகிறது. வலப்பக்கத்தைவிட அது 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளமும் கூட. அவ்வளவு உயரத்துக்கு இரத்தம் ஏற வேண்டும்.

ஏறிய இரத்தம் இறங்காமல் தடுக்கச் சிரைக்குள் வால்வுகள் உண்டு. காவிரிக்கரைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடத்துக்கான 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துக்கொண்டு போனதைப் பார்த்தவர்கள் நாம். தடுப்பு போனால் தண்ணீர் தன் போக்கில் பாயும். வால்வு போனால் இரத்தம் கீழே இறங்கித் தேங்கும்.

தேங்கிய இரத்தம் சூட்டைக் கூட்டுகிறது. விரை உடலைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணு சரியாக உருவாகும். ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறக்குறைய 74 நாள். அதனால்தான் சிகிச்சைக்குப் பின் முதல் பரிசோதனையை மூன்று மாதம் கழித்து வைக்கிறார்கள். ஒரே மாதத்தில் பரிசோதித்துவிட்டு ‘பணம் வீண்’ என்று குமைவது, விதைத்த மறுவாரமே களத்துமேட்டுக்குப் போவது போல.

நான்கு வழி, ஆயிரம் பேர்

சிகிச்சையின் நோக்கம் எளிது. கெட்டுப்போன சிரையை அடைத்துவிட்டால் இரத்தம் நல்ல சிரைகள் வழியே போய்விடும். அடைக்கும் வழிதான் வேறுபடுகிறது.

பழைய முறையில் அடிவயிற்றின் பக்கவாட்டிலோ தொடையிடுக்கிலோ திறந்து, வெறுங்கண்ணால் பார்த்துக் கட்டுவார்கள். லேப்ராஸ்கோப் முறையில் வயிற்றில் மூன்று சிறு துளை போட்டு, கார்பன் டை ஆக்சைடு வாயுவை நிரப்பி, கேமரா வழியே பார்த்துக் கட்டுவார்கள். நுண்ணோக்கி முறையில் தொடையிடுக்குக்குக் கீழே இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கீறி, பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்துச் சிரைகளை மட்டும் பிரித்துக் கட்டுவார்கள். நான்காவது காயில் முறை. தொடையிலோ கழுத்திலோ உள்ள சிரை வழியே 5 பிரெஞ்சு அளவுள்ள, அதாவது 1.67 மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயை நுழைத்து, சிறுநீரகச் சிரையைத் தாண்டி விரைச் சிரைக்குள் இறக்கி, உலோகச் சுருளையோ உறைய வைக்கும் மருந்தையோ வைத்து உள்ளிருந்தே அடைப்பது. கத்தியும் இல்லை, தையலும் இல்லை. என் தங்கை மகன் தேர்ந்தெடுத்தது இதைத்தான்.

2009இல் 36 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. அதன் சதவீதங்களை ஆயிரம் பேருக்கு மாற்றி எழுதினேன்.

வெரிகோசீல் மறுபடி வந்தவர்கள், ஆயிரத்துக்கு:
- பக்கவாட்டில் மேலே கட்டும் பலோமோ முறை: 150
- காயில், மருந்து அடைப்பு: 127
- லேப்ராஸ்கோப்: 43
- தொடையிடுக்கு, வெறுங்கண்: 26
- நுண்ணோக்கி: 10 அல்லது 11

ஹைட்ரோசீல், அதாவது விரையைச் சுற்றி நீர் கோத்தவர்கள், ஆயிரத்துக்கு:
- பலோமோ முறை: 82
- தொடையிடுக்கு, வெறுங்கண்: 73
- லேப்ராஸ்கோப்: 28
- நுண்ணோக்கி: 4

இரண்டாம் பட்டியலில் காயில் முறை இல்லை. நீர் கோப்பது நிணநீர்க் குழாய்களையும் சேர்த்துக் கட்டிவிடுவதால் வருகிற வினை. சிரைக்கு உள்ளே இருந்தபடி அடைக்கும்போது வெளியே இருக்கும் நிணநீர்க் குழாயை யாரும் தொடுவதில்லை. இது காயிலின் வரவுப் பக்கம். பற்றுப் பக்கத்தில் இன்னொரு எண் இருக்கிறது. அதே தொகுப்பாய்வில், ஆயிரத்தில் 130 பேருக்குக் குழாயைச் சரியான சிரைக்குள் கொண்டுபோகவே முடியாமல் சிகிச்சையைப் பாதியில் விட்டிருக்கிறார்கள். இந்த எண்ணை எங்களிடம் யாரும் சொல்லவில்லை.

அரிது என்று எழுதப்பட்டவை

மேலே சொன்னவை அடிக்கடி நடப்பவை. கையெழுத்துத் தாளின் கடைசி வரியில் ‘அரிது’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒளிந்திருப்பவை வேறு. அவற்றை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, பக்கத்தில் எண் எழுதுவதுதான் என் மூன்று மாத வேலையாக இருந்தது.

*தமனி கட்டுப்படுவது.* விரைக்கு இரத்தம் கொண்டுவரும் தமனி சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன்தான். புடைத்த சிரைகளுக்கு நடுவே ஒட்டிக் கிடக்கும். நியூயார்க்கில் மார்க் கோல்ட்ஸ்டீன் குழுவினர் 2005இல் தங்கள் 2,102 நுண்ணோக்கி அறுவைகளைத் திரும்பிப் பார்த்தார்கள். 19இல் தமனி தவறுதலாகக் கட்டப்பட்டிருந்தது. அது 0.9 சதவீதம். அந்த 19 பேரில் விரை சுருங்கிப்போனது ஒருவருக்கு. விரைக்கு இன்னும் இரண்டு தமனிகள் துணைக்கு இருப்பதால் மற்ற 18 பேரும் தப்பினார்கள். தன் தவறை 19 என்று எண்ணி அச்சில் போட்ட அந்த நேர்மைதான் அதற்குப் பின் வந்த ஆயிரக்கணக்கானவர்களின் பாதுகாப்பு.

*குடல் காயம்.* லேப்ராஸ்கோப்பில் வயிற்றைத் துளைக்கும்போது குடலில் காயம் படலாம். வெரிகோசீல் மட்டுமல்லாமல் எல்லா லேப்ராஸ்கோப் சிகிச்சைகளையும் சேர்த்துப் பார்த்த 2004ஆம் ஆண்டுத் தொகுப்பில் 3,29,935 பேருக்கு 430 காயங்கள். பத்தாயிரத்துக்கு 13. எண் சிறியது. ஆனால் காயம் பட்டவர்களில் 3.6 சதவீதம் பேர் இறந்திருக்கிறார்கள். ஓட்டை உடனே தெரியாமல், வீட்டுக்குப் போன பிறகு இரண்டாம், மூன்றாம் நாள் வெளிப்படுவதுதான் இதன் ஆபத்து.

*தொடை மரத்துப்போவது.* லேப்ராஸ்கோப்பில் சிரையின் அருகே ஓடும் ஒரு மெல்லிய நரம்பு அடிபட்டால் தொடையின் முன்பக்கம் உணர்ச்சி குறையும். பலருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் முன்னரே சொல்லாவிட்டால், பக்கவாதமோ என்று ஒரு வீடே கலங்கிப்போகும்.

*சாய ஒவ்வாமை.* காயில் வைக்கும்போது சிரை தெரிய அயோடின் கலந்த சாயம் ஏற்றுகிறார்கள். ஜப்பானில் 3,37,647 பேரைக் கணக்கெடுத்து 1990இல் வெளியிட்டார்கள். பழைய வகைச் சாயத்தில் கடுமையான ஒவ்வாமை பத்தாயிரத்துக்கு 22. புதிய வகையில் 4. முன்பு ஒருமுறை ஒவ்வாமை வந்தவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், கிரியாட்டினின் கூடியவர்கள் இதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

*காயில் நகர்வது.* சிகிச்சை முடிந்ததும் மருத்துவர் ஒரு மாதிரிக் காயிலைக் காட்டினார். பால்பாயின்ட் பேனாவின் ஸ்பிரிங்கைப் பாதியாக மெலித்தது போல இருந்தது. அதன்மேல் பட்டு நூலைவிட மெல்லிய இழைகள். அந்த இழையில்தான் இரத்தம் உறைந்து குழாய் அடைபடும். நகராமல் பிடித்து நிற்க, காயில் சிரையின் அகலத்தைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். சிறிதாகிவிட்டால் நழுவும். நழுவினால் போகும் பாதை ஒன்றுதான்: சிறுநீரகச் சிரை, பெருஞ்சிரை, இதயத்தின் வலப்பக்கம், நுரையீரல் தமனி. இரத்தத்தின் வேகத்தில் இது சில நொடிப் பயணம். கண்ணி வைத்த குழாயை நுழைத்துப் பெரும்பாலும் பிடித்து எடுத்துவிட முடியும். உலக மருத்துவ இதழ்களில் இது தனித்தனி நிகழ்வாகப் பதிவாகியிருக்கிறது. அதனால் மருத்துவமனையைக் கேட்க வேண்டியது ‘நழுவுமா’ என்றல்ல. ‘நழுவினால் பிடிக்கும் கண்ணி இந்த அறையிலேயே இருக்கிறதா’ என்பதுதான்.

*மருந்து வழிமாறுவது.* உறைய வைக்கும் மருந்து கீழே விதைப்பைக்குள் இறங்கினால் சிரைக்கொத்து வெந்து வீங்கும். விதைப்பைப் பக்கமிருந்து ஊசி போட்டு மருந்தை ஏற்றும் முறையில், மருந்து தவறித் தமனிக்குள் போய் விரையே அழிந்த நிகழ்வுகளும் பதிவாகியுள்ளன. மிக மிக அரிது. ஆனால் இழந்த விரை திரும்பாது.

*சிரைக்கொத்து அழற்சி.* காயில், மருந்து அடைப்புக்குப் பின் நூற்றில் ஐந்து பேருக்கு வரை இது வரலாம். எங்கள் வீட்டுக்கு வந்தது இதுதான்.

நான்காம் நாள்

அன்று வைகுண்ட ஏகாதசி. எங்கள் ஸ்ரீரங்கத்து வீதிகளில் வண்டிகளை விடவில்லை. காலையில் என் தங்கை மகன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான். இடது தொடையிடுக்கிலிருந்து கீழே விரல் தடிமனுக்கு ஏதோ விறைத்து நிற்பதாகச் சொன்னான்.

“உள்ளே கயிறு முறுக்கின மாதிரி இருக்கு மாமா. தொட முடியலை.”

காய்ச்சல் 100 டிகிரி. அவன் மனைவி அழவில்லை. ஆனால் காயில் நகர்ந்துவிட்டதோ என்று மூன்று முறை கேட்டாள். அந்தக் கூட்டத்தில் காவிரிப் பாலம் தாண்டித் தில்லைநகர் போவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. உத்திர வீதிக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பழக்கமான மருத்துவரிடம் கைத்தாங்கலாக அழைத்துப்போனோம்.

அவர் தொட்டுப் பார்த்தார். அடைத்த சிரைக்குக் கீழே தேங்கிய இரத்தம் உறைந்து அழற்சியாகியிருக்கிறது, காயில் நகரவில்லை, விரைக்குப் போகும் இரத்தத்தை ஸ்கேனில் உறுதிசெய்துகொள்வோம் என்றார். மறுநாள் டாப்ளர் ஸ்கேனில் விரை நன்றாக இருந்தது. வலி மாத்திரை, தாங்கி உள்ளாடை, ஓய்வு. பன்னிரண்டு நாள் கழித்து வேலைக்குப் போனான்.

இது வரலாம் என்று டிராலியில் ஏறும் முன் ஒருவர் இரண்டு நிமிடம் பேசியிருந்தால், அந்த வீட்டில் ஓர் இரவுத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

பணக் கணக்கு

இது ஒரே ஒருவரின் நாள்வழி. ஊரின் விலைப்பட்டியல் அல்ல. ஆனாலும் எழுதிவைக்கிறேன். ‘சிகிச்சைக்கு எவ்வளவு ஆகும்’ என்று கேட்பவர்களுக்குத் தொகுப்புத் தொகையை மட்டும்தான் சொல்கிறார்கள். அதன் முன்னும் பின்னும் உள்ள வரிகளையும் பார்க்க வேண்டும்.

திட்டமிட்ட செலவு:
- முதல் ஆலோசனை: ரூ.500
- டாப்ளர் ஸ்கேன்: ரூ.1,800
- விந்துப் பரிசோதனை, இரண்டு முறை: ரூ.1,400
- இரத்தப் பரிசோதனைகள்: ரூ.1,650
- சிகிச்சைத் தொகுப்பு, காயில்களும் ஒரு நாள் அறையும் சேர்த்து: ரூ.92,000
- கூட்டுத்தொகை: ரூ.97,350

அழற்சியால் கூடிய செலவு:
- ஸ்ரீரங்கத்து மருத்துவர், இரண்டு முறை: ரூ.600
- மறு ஸ்கேன்: ரூ.1,800
- மாத்திரைகள்: ரூ.640
- தாங்கி உள்ளாடை: ரூ.450
- ஆட்டோ: ரூ.2,400
- இழந்த கூலி, 9 நாள், நாளுக்கு ரூ.900: ரூ.8,100
- கூட்டுத்தொகை: ரூ.13,990

துவாக்குடியில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலை அவனுக்கு. மூன்று நாள் விடுப்பு சொல்லியிருந்தான். பன்னிரண்டு நாள் ஆனது. சிக்கலால் வந்த செலவு திட்டமிட்ட செலவில் ஏழில் ஒரு பங்கு. அதிலும் பாதிக்கு மேல் மருத்துவச் செலவே இல்லை, கூலி இழப்பு. சிகிச்சைச் செலவுக்கான காப்பீட்டு அட்டை கூலியைத் திருப்பித் தராது. இத்தனைக்கும் இது லேசான சிக்கல். குடல் காயமோ நழுவிய காயிலோ என்றால் தீவிர சிகிச்சைப் பிரிவு, மறு அறுவை என்று கணக்கு எங்கே போய் நிற்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து நேரடியாகப் போவது 2021-22இல் 39.4 சதவீதம். 2013-14இல் இருந்த 64.2 சதவீதத்தைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் ஆட்டோவும் இழந்த கூலியும் இந்த எண்ணுக்குள் முழுதாக வருவதில்லை. ஆகவே சிகிச்சைக்குப் பணம் சேர்ப்பவர்கள், தொகுப்புத் தொகைக்கு மேல் ஏழில் ஒரு பங்கையாவது தனியே எடுத்துவைக்க வேண்டும் என்பது என் அனுபவம். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் எந்த முறை அதில் அடங்கும், எது அடங்காது என்பதைச் சேரும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிட வேண்டும். புத்தூர் அரசு மருத்துவமனைக்கு முதலில் போய் ஆலோசனை கேட்பதிலும் இழப்பு ஒன்றுமில்லை.

சுழியின் மதிப்பு

‘என்கிட்ட இதுவரை ஒருத்தருக்கும் வந்ததில்லை’ என்று மருத்துவர் சொன்னால் மனம் குளிர்கிறது. அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். ஆனால் அந்தச் சுழியை எப்படிப் படிப்பது?

புள்ளியியலில் 1983இலிருந்து மருத்துவர்களிடையே பரவிய ஓர் எளிய விதி இருக்கிறது. ஒரு சிகிச்சையை இத்தனை பேருக்குச் செய்து ஒருவருக்கும் சிக்கல் வரவில்லை என்றால், 3ஐ அந்த எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். உண்மையான ஆபத்து அந்த அளவு வரை இருக்கக்கூடும். 40 பேருக்குச் செய்து சுழி என்றால் ஆபத்து 7.5 சதவீதம் வரை இருக்கலாம். 300 பேருக்குச் செய்து சுழி என்றால் 1 சதவீதம் வரை. 3,000 பேருக்குச் செய்து சுழி என்றால்தான் ஆயிரத்துக்கு ஒன்று என்ற நிலைக்கு இறங்குகிறது.

இந்த விதி எவ்வளவு உண்மை என்பதை வெரிகோசீலிலேயே பார்க்கலாம். 1992இல் கோல்ட்ஸ்டீன் குழு தங்கள் 640 நுண்ணோக்கி அறுவைகளை வெளியிட்டபோது ஹைட்ரோசீல் சுழி. 3ஐ 640ஆல் வகுத்தால் 0.47 சதவீதம். பதினேழு ஆண்டு கழித்துப் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது வந்த எண் 0.44 சதவீதம். அந்தச் சுழிக்குள் அரைச் சதவீதம் இருந்தது. 640 அறுவைக்குள் அது முகம் காட்டவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே ‘அரிது’ என்பது தனியாக நிற்கும் சொல் அல்ல. பின்னத்தில் மேலே தொகுதி, கீழே பகுதி என்று பள்ளியில் படித்தோமே, அது இரண்டும் வேண்டும். எத்தனை பேருக்கு வந்தது, எத்தனை பேரில்? கீழே உள்ள எண்ணைச் சொல்லாமல் ‘அரிது’ என்றால் அது ஆறுதல் வார்த்தை. கணக்கு ஆகாது.

யார் எழுதுவது?

இங்கேதான் என் நோட்டு நின்றது. உலகக் கணக்கு கிடைத்தது. நம் ஊர்க் கணக்கு எங்கே?

சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. 2008 ஜனவரி 16 அன்று சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, நோயாளியின் ஒப்புதல் பற்றியது. சிகிச்சையின் தன்மை, மாற்று வழிகள், குறிப்பிடத்தக்க ஆபத்துகள் ஆகியவற்றை மருத்துவர் சொல்லியாக வேண்டும். தொலைதூரச் சாத்தியமாக மட்டும் உள்ள ஆபத்துகளை எல்லாம் விளக்க வேண்டியதில்லை. மருத்துவர் தரப்பில் இதற்கு நியாயம் உண்டு. ஒவ்வொன்றையும் சொன்னால் தேவையான சிகிச்சைக்கே மக்கள் பயந்துவிடுவார்கள். ஆனால் இதன் விளைவு என்னவென்றால், அரிய சிக்கலைப் பற்றி வாய் திறந்து கேட்க வேண்டிய பொறுப்பு நோயாளியின் தலையில் விழுகிறது.

கேட்பதற்கு வழிகள் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் மருத்துவப் பதிவுகளின் நகலைத் தர வேண்டும். காயில் போன்ற கருவியால் வந்த தீங்கைப் பதிவுசெய்ய, 2015 ஜூலை 6 முதல் மருத்துவக் கருவிகள் கண்காணிப்புத் திட்டம் காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்துநூல் ஆணையத்தின் கீழ் நடக்கிறது. மருத்துவர்தான் எழுத வேண்டும் என்றில்லை, நோயாளியும் எழுதலாம். காயிலின் பெயர், தொகுதி எண் அச்சிட்ட ஒட்டுத்தாள் உங்கள் வெளிச்சீட்டில், அதாவது டிஸ்சார்ஜ் சம்மரியில், ஒட்டப்பட்டிருக்கிறதா என்று வீடு திரும்பும் முன் பாருங்கள். அது இல்லாமல் புகாருக்கு உயிர் இல்லை.

கையெழுத்துக்கு முன் ஐந்து கேள்வி

1. இந்த முறையை நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? அவர்களில் எத்தனை பேரை ஆறு மாதம் கழித்தும் பார்த்தீர்கள்?
2. எத்தனை பேருக்கு மறுபடி வந்தது? எத்தனை பேருக்குப் பாதியில் விட வேண்டியிருந்தது?
3. எனக்கு மற்ற மூன்று முறைகளும் ஏன் வேண்டாம்?
4. தவறு நேர்ந்தால் சரிசெய்ய இங்கேயே ஆளும் கருவியும் உண்டா? அந்தச் செலவு யாருடையது?
5. ஞாயிறு இரவு வலி வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது?

வீட்டுக்கு வந்த பின் ஐந்து அறிகுறிகளில் எது தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது. லேப்ராஸ்கோப்புக்குப் பின் நாளுக்கு நாள் குறைய வேண்டிய வயிற்று வலி கூடுவது. காயிலுக்குப் பின் நெஞ்சு வலி அல்லது மூச்சுத் திணறல். விரையில் திடீரென்று கடும் வலியும் வீக்கமும். 101 டிகிரியைத் தாண்டும் காய்ச்சல். சிறுநீர் பிரியாமல் போவது. இவற்றில் எது வந்தாலும் 108ஐ அழைத்துவிட வேண்டும்.

தொண்ணூறாம் நாள்

வரவுப் பக்கத்தையும் எழுதாமல் கணக்கை மூடக்கூடாது. அதே 2009 தொகுப்பாய்வில், சிகிச்சைக்குப் பின் இயல்பாகக் கருத்தரித்தவர்கள் நுண்ணோக்கி முறையில் நூற்றுக்கு 42, காயில் முறையில் 33, லேப்ராஸ்கோப்பில் 30. இதற்கு எதிர்ப்பக்கத்தில் 2021இல் வந்த காக்ரேன் மறுஆய்வு நிற்கிறது. 48 ஆய்வுகள், 5,384 பேரைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, சிகிச்சை கருத்தரிப்புக்கு உதவக்கூடும், ஆனால் சான்றின் உறுதி குறைவு என்றுதான் அது முடிக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்துத்தான் ஒரு தம்பதி முடிவெடுக்க வேண்டும்.

என் தங்கை மகனுக்குச் சிகிச்சைக்கு முன் விந்தணு எண்ணிக்கை மில்லிலிட்டருக்கு 1.1 கோடி. தொண்ணூறாம் நாள் 1.9 கோடி. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டுக் கீழ்வரம்பு 1.6 கோடி. கோட்டைத் தாண்டிவிட்டான். குழந்தை இன்னும் வரவில்லை. காத்திருக்கிறார்கள்.

அறிக்கையைக் காட்டத் தில்லைநகர் போனோம். மருத்துவர் மகிழ்ந்தார். “சிகிச்சை முடிஞ்சு சிக்கல் ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டபடி கணினியில் அடுத்த வரிக்குப் போனார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் நான்காம் நாள் இங்கே வரவே இல்லை. ஸ்ரீரங்கத்தில் காட்டிக்கொண்டோம், ஸ்ரீரங்கத்திலேயே குணமானோம். இந்த மருத்துவமனையின் பதிவில் அவன் எந்தச் சிக்கலும் இல்லாத நோயாளி. இவர் அடுத்தவரிடம் ‘என்கிட்ட ஒருத்தருக்கும் வந்ததில்லை’ என்று சொன்னால், அது பொய் இல்லை. ஆனால் அந்தச் சுழியில் எங்கள் வீட்டின் ஒன்பது நாள் அடங்கியிருக்கும். ஊர்க் கணக்கு எங்கே என்று மூன்று மாதம் தேடினேனே, அதில் விடுபட்ட ஒரு பதிவு எங்கள் கையிலேயே இருந்தது.

நோட்டைத் திறந்து நான்காம் நாள் பக்கத்தை அவர் முன் வைத்தேன். காய்ச்சல், கயிறு போன்ற விறைப்பு, மறு ஸ்கேன் எண், குணமான நாள். அவர் முழுதும் படித்தார். ஏன் உடனே கூப்பிடவில்லை என்று கேட்டார். எந்த எண்ணுக்குக் கூப்பிடுவது என்று எங்களுக்குத் தெரியாது என்றான் என் தங்கை மகன்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து நீள நோட்டு ஒன்றை எடுத்தார். தேதி போட்டார். சிரைக்கொத்து அழற்சி என்று எழுதினார். பக்கத்துக் கட்டத்தில் 1 என்று எழுதினார். பிறகு வெளிச்சீட்டின் தலைப்பில் தன் கைபேசி எண்ணை எழுதி அவனிடம் கொடுத்துவிட்டு, செவிலியரை அழைத்து, இனி எல்லாருக்கும் இப்படியே எழுதிக் கொடுக்கச் சொன்னார்.